பிளக் எங்கே, பில் யாருக்கு?

அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு மின்சாரக் கார் வாங்குவது பற்றிய கேள்விகள் இந்த முறை மூட்டையாக வந்திருக்கின்றன. வாங்கியவர்கள், வாங்கத் தயங்குகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரே என்று கலங்குகிறவர்கள் என எல்லாருக்கும் இங்கே பதில் உண்டு.

நாலாவது மாடியில் வீடு, கீழே ஸ்டில்ட் பார்க்கிங். மின்சாரக் கார் வாங்கலாமா? – வாசகர், அண்ணாநகர்

தாராளமாக வாங்கலாம். ஷோரூமுக்குப் போவதற்கு முன் மீட்டர் ரூமுக்குப் போங்கள். மூன்று விஷயங்களைப் பார்த்து வையுங்கள். அங்கிருந்து உங்கள் ஸ்லாட்டுக்குக் கேபிள் எந்த வழியாக வரும், எத்தனை மீட்டர் ஓடும்? உங்கள் ஈ.பி. இணைப்பில் மின்பளு எவ்வளவு? அசோசியேஷன் எழுத்தில் சம்மதம் தருமா? மூன்றுக்கும் பதில் கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள். கார் வந்து நின்ற பிறகு கேபிளுக்கு வழி தேடுகிறவர்கள்தான் ராத்திரி பதினோரு மணிக்குப் பொது சார்ஜர் வாசலில் காத்திருக்கிறார்கள்.

போட்டால் 7.2 கிலோவாட் சார்ஜர், இல்லையென்றால் வேண்டாம். 15 ஆம்ப் பிளக் எதற்கும் உதவாது என்கிறார் நண்பர். சரியா? – வாசகர், கோயம்புத்தூர்

நண்பரிடம் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று கேளுங்கள். நகரத்துக்குள் 40 கி.மீ. ஓடினால் செலவாவது 6, 7 யூனிட். 15 ஆம்ப் பாயின்ட் மணிக்குச் சுமார் 3 யூனிட் கொடுக்கும். இரண்டரை மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் முழுவதும் திரும்ப ஏறிவிடும். காரோ ராத்திரி பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது.

45 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள நெக்ஸான் அடியோடு காலியானால் 15 ஆம்ப் பாயின்ட்டில் நிரம்ப 15 மணி நேரம் ஆகும், 7.2 கிலோவாட் என்றால் ஆறேழு மணி நேரம். ஆனால் தினமும் அடியோடு காலி செய்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. தினம் 150 கி.மீ. தாண்டி ஓட்டுகிறவர், வாடகைக் கார் வைத்திருக்கிறவர் 7.2 போடட்டும். மற்றவர்களுக்கு வேகம் தேவையில்லை. தினமும் உறுதியாகக் கிடைக்கும் ஒரு பாயின்ட் போதும். நீண்ட பயணத்துக்கு நெடுஞ்சாலையில் டி.சி. சார்ஜர்கள் இருக்கின்றன.

முதல் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஒரு மாதமாகச் சார்ஜ் செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே? – வாசகர், தாம்பரம்

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகு அதை நிறுத்தி, மெயினை அணைத்து, பிளக்கை உருவிப் பாருங்கள். பின்னைச் சுற்றியுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா? பித்தளைப் பின் மங்கிக் கறுத்திருக்கிறதா? லேசாகக் கருகல் வாடை வருகிறதா? ஒன்று இருந்தாலும் அந்த பாக்ஸின் வேலை இன்றோடு முடிந்தது. ஒன்றும் இல்லாவிட்டாலும் அதைத் தொடராதீர்கள்.

கீஸர் கால் மணி நேரம் ஓடி அணைந்துவிடும். கார் அதே அளவு மின்சாரத்தை விடிய விடிய இழுக்கும். தளர்ந்த தொடுமுனை ஒன்று இருந்தால் கால் மணி நேரத்தில் சுடுவது, எட்டு மணி நேரத்தில் உருகும். அதுவும் எல்லாரும் தூங்குகிற நேரத்தில். எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்று கார் கம்பெனிகளே கையேட்டில் எழுதியிருக்கின்றன.

ஸ்லாட்டுக்கு 60 மீட்டர் தூரம். 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரே போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். – வாசகி, மதுரை

போதாதம்மா. 2.5 ஒயரில் 16 ஆம்பியர் 60 மீட்டர் போய்த் திரும்பினால் 14 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 200 வாட்டுக்கு மேல் பைப்புக்குள் சூடாக வீணாகும். அந்தச் சூட்டுக்கும் உங்கள் மீட்டர்தான் ஓடும். 6 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். பிற்காலத்தில் பெரிய சார்ஜர் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 10 போட்டுவிடுங்கள். பைப்பையும் சுவரையும் இரண்டாம் முறை உடைக்கும் கூலியை நினைத்தால் கேபிளின் விலை சிறியது.

கூடவே காருக்கென்று தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி., தரமான தொழிற்சாலை ரகச் சாக்கெட். எதிலும் பேரம் பேசாதீர்கள். லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர் செய்து, சோதித்து, கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

சர்வீஸ் சென்டரில் சார்ஜ் ஏறுகிறது. எங்கள் ஸ்லாட்டில் செருகினால் சிவப்பு விளக்கு. காரில் கோளாறா? – வாசகர், திருச்சி

பெரும்பாலும் கோளாறு காரில் இருக்காது, எர்த்தில் இருக்கும். எர்த் சரியில்லை என்று தெரிந்தால் சார்ஜர் தானாகவே மறுத்துவிடும். அது உங்கள் உயிருக்காகச் செய்யும் மறுப்பு. "ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போடலாம், எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் ஒரு லூப் கொடுக்கலாம்" என்று யாராவது கிளம்பினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எர்த் குழியைத் திறந்து, அளந்து, சரிசெய்யச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். உங்கள் கார் புண்ணியத்தில் எல்லா வீட்டுக்கும் எர்த் கிடைக்கட்டும்.

செக்ரட்டரி ஒரேயடியாக "முடியாது" என்கிறார். சட்டம் என் பக்கமா? – வாசகர், பெரம்பூர்

காற்று உங்கள் பக்கம்தான் வீசுகிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிற மின் இணைப்பிலிருந்தே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொன்னது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் வந்த திருத்தம், மின்சார வண்டிக்கென்று தனி இணைப்புக் கேட்க வழி செய்கிறது. புதிதாக லைன் இழுக்க வேண்டாத இடங்களில், பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமத்தில் 15 நாள் என்று இணைப்புக்குக் கெடுவும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கேபிள் ஓடும் சுவரும் தூணும் பொதுச்சொத்து. அங்கே அசோசியேஷனின் சம்மதம் வேண்டும். எனவே சட்டப் புத்தகத்தோடு போகாமல் வரைபடத்தோடு போங்கள். கேபிள் போகும் வழி, பாதுகாப்புக் கருவிகளின் பட்டியல், செலவு முழுவதும் என்னுடையது என்ற உறுதி, ஏதாவது சேதமானால் சரிசெய்து தருவேன் என்ற கடிதம். இந்த நாலும் மேஜையில் இருந்தால் "முடியாது" என்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் வெளியே வந்துவிட்டால் தீர்வும் பின்னாலேயே வரும்.

வீட்டு மீட்டரிலேயே இழுப்பதா, காருக்குத் தனி மீட்டரா? – வாசகி, நங்கநல்லூர்

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 320 யூனிட் போல் கூடும். ஏற்கெனவே 400 யூனிட் ஆகிற வீடு 700ஐத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 500 என்பது முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த மலிவு விலையும் கொஞ்சம் கைநழுவும். மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும். கோடையில் ஏ.சி.யும் காரும் சேர்ந்து 1,000ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்க்கு மேல்.

உங்கள் பழைய பில்களில் ஒரு வருஷத்துக்கு ஆறு எடுத்து, ஒவ்வொன்றிலும் 320ஐக் கூட்டி, பிறகு தனி இணைப்பின் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். கொஞ்சமாக மின்சாரம் செலவழிக்கிற வீட்டுக்கு வீட்டு மீட்டரே லாபம், ஏ.சி. நிறைய ஓடுகிற வீட்டுக்குத் தனி மீட்டர் கைகொடுக்கலாம்.

யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். லிட்டர் 100 ரூபாயையொட்டி விற்கும் பெட்ரோலில், 15 கி.மீ. கொடுக்கும் காருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. எந்த மீட்டர் என்று யோசியுங்கள், கவலைப்படாதீர்கள்.

பொது மீட்டரில் செருகிக்கொள்கிறார் ஒருவர். "நாலு யூனிட்தானே" என்கிறார். – வாசகர், வளசரவாக்கம்

நாலு யூனிட் பிரச்சினையே இல்லை. கேட்காமல் எடுத்ததுதான் பிரச்சினை. நாற்பது குடும்பம் கட்டும் மெயின்டனன்ஸில் ஒருவர் காரோட்டினால், அடுத்து வாங்குகிறவருக்கும் சேர்த்து வெறுப்பைச் சம்பாதித்துத் தருகிறார். சண்டை வேண்டாம், ஒரு சப் மீட்டர் வையுங்கள். மாதக் கடைசியில் ரீடிங் எடுத்து, பொது இணைப்பின் விலையோடு பராமரிப்புக்குச் சிறு தொகை சேர்த்து வசூலியுங்கள். மீட்டர் வைத்த நாளிலிருந்து அவர் விருந்தாளி இல்லை, வாடிக்கையாளர்.

எங்கள் வளாகத்தில் 40 வீடு. எல்லாரும் வாங்கிவிட்டால் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிடாதா? – அசோசியேஷன் பொருளாளர், சோழிங்கநல்லூர்

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நாற்பது காரும் ஒரே நேரத்தில் 15 ஆம்ப் இழுத்தால் 132 கிலோவாட். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏ.சி.களும் ஓடும்போது அது நிச்சயம் தாங்காது. ஆனால் ஒவ்வொரு காருக்கும் அன்றைய தேவை 7 யூனிட்தான். நாற்பதுக்கும் சேர்த்து 280 யூனிட். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரத்தில் பரப்பிக் கொடுத்தால் 35 கிலோவாட் போதும்.

132 எங்கே, 35 எங்கே! இடையில் இருப்பது பணமில்லை, முறை. பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார இடமில்லாவிட்டால் பந்தியை இரண்டாகப் போடுவதில்லையா, அதே வேலைதான். மொத்த மின்பளுவைக் கவனித்து ஒவ்வொரு காருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் சார்ஜர்கள் சந்தையில் இருக்கின்றன. இப்போதைக்கு அது வேண்டாம் என்றால் டைமர் வைத்து முறை போடுங்கள்.

ஆகவே பொருளாளரே, முதல் கார் வரும்போதே நாற்பதுக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். மீட்டர் ரூமிலிருந்து பார்க்கிங் முழுவதும் ஒரே கேபிள் ட்ரே, ஒரு தனி டி.பி. (மின்பகிர்வுப் பெட்டி), அதில் காலி இடங்கள். யார் வாங்கினாலும் தன் ஸ்லாட்டுக்கு உள்ள கடைசி சில மீட்டருக்கு மட்டும் அவரவர் செலவு செய்துகொள்ளலாம். இதைச் செய்யாமல் விட்டால் ஆளுக்கொரு பக்கம் துளைபோட்டு, ஐந்தாவது கார் வரும்போது கூரையில் கேபிள் தோரணம் தொங்கும்.

கார் கீழே எரிந்தால் மேலே நாங்கள் என்ன ஆவது? பயமாக இருக்கிறது. – வாசகி, மயிலாப்பூர்

உங்கள் பயம் நியாயமானது. அதை ஒதுக்காமல் பதில் சொல்கிறேன். 2022இல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அதன்பின் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. நெக்ஸான் போன்ற கார்களில் இருக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கக் கூடியது. ராத்திரி மெதுவாகச் சார்ஜ் ஏறுவது பேட்டரிக்குக் களைப்பான வேலையும் இல்லை. அடுக்குமாடியில் அதிகம் கவனிக்க வேண்டியது காரைவிட ஒயரிங். மட்டமான கேபிளும் தளர்ந்த சாக்கெட்டும்தான் முதல் எதிரிகள்.

செய்யவேண்டியவை இவை: மொத்தச் சார்ஜிங்கையும் ஒரே தட்டில் அணைக்கும் சுவிட்ச் வாட்ச்மேன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பார்க்கிங்கில் புகை உணர்கருவி வையுங்கள். பேட்டரி தீப்பிடித்தால் சுவரில் தொங்கும் பவுடர் சிலிண்டர் அதன் உட்சூட்டைத் தணிக்காது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆட்களை வெளியேற்றி, 101ஐ அழையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒயரிங் சோதனை. கூட்டத்தில் நீங்களே இதைக் கோரிக்கையாக வையுங்கள். பயந்தவர் வைக்கும் கோரிக்கைதான் எல்லாரையும் காப்பாற்றும்.

எங்கள் தெருவில் மழைக்கு முழங்கால் தண்ணீர். சார்ஜர் போடலாமா? – வாசகர், வேளச்சேரி

போடலாம், உயரத்தில். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் உங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய குடித்தனக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலேதான் சாக்கெட்டும் டி.பி.யும் இருக்க வேண்டும். அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் மழை எச்சரிக்கை வந்தவுடன் சார்ஜிங் லைனை மொத்தமாக அணைத்துவிடுங்கள்.

முதல் நாளே சார்ஜ் ஏற்றி வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். 2024 அக்டோபரில் உங்கள் ஊர்க்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, அது சரியான காரியம். பேட்டரிப் பெட்டியின் ஐ.பி.67 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரச் சோதனைக்கு உரியது. இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறுவதற்கு அது உத்தரவாதம் ஆகாது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். தூக்கி வண்டியில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

கரண்ட் போனால் ஜெனரேட்டரில் சார்ஜ் செய்யலாமா? – வாசகர், வேலூர்

ஒரு லிட்டர் டீசல் எரித்தால் ஜெனரேட்டர் மூன்று யூனிட்டைச் சற்றுத் தாண்டிக் கொடுக்கும். அதில் கார் 20 கி.மீ. ஓடும். டீசல் காரே கிட்டத்தட்ட அவ்வளவு ஓடும்! சார்ஜிங் லைனை ஜெனரேட்டரில் சேர்க்காமலே ஒயரிங் செய்யச் சொல்லுங்கள். லிஃப்ட்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடட்டும். கார் காத்திருக்கும்.

உணவு டெலிவரி செய்யும் மகன் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போடுகிறான். சரியா? – வாசகி, வியாசர்பாடி

அவன் பிழைப்புக்கு அது வேண்டும் என்பது புரிகிறதம்மா. சில ஒழுங்குகள் வேண்டும். வாசற்கதவுப் பக்கம் சார்ஜ் போடக் கூடாது. ஏதாவது ஆனால் வெளியேறும் வழி அதுதான். மெத்தை, துணி பக்கத்தில் இருக்கக் கூடாது. கூட வந்த சார்ஜர் மட்டும். வெயிலில் ஓடிவந்த பேட்டரி முதலில் ஆறட்டும். ஆள் விழித்திருக்கும்போதே சார்ஜ் முடியட்டும். கீழே விழுந்தது, வீங்கியது, நனைந்தது என்றால் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். கார்க்காரர்களுக்குப் பாயின்ட் போடும்போது இரண்டு சக்கரக்காரர்களுக்கும் கீழே ஒரு வரிசை போடுவது எந்த அசோசியேஷனுக்கும் அழகு.

வாடகைக்கு இருக்கிறேன். ஓனர் செலவு செய்ய மாட்டார். – வாசகர், போரூர்

சுவருக்குள் போவது ஓனருடையது, சுவரில் தொங்குவது உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். காரோடு வரும் கையடக்கச் சார்ஜரைப் போகிற இடமெல்லாம் எடுத்துப்போகலாம். கேபிளுக்கும் பாயின்ட்டுக்கும் மட்டும் அனுமதி கேளுங்கள். பாதிச் செலவு, அல்லது வாடகையில் கழிவு என்று பேசிப் பாருங்கள். நீங்கள் காலி செய்த பிறகும் அந்த பாயின்ட் அவர் வீட்டுக்கு மதிப்புக் கூட்டும். முடிவானதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு நிறுவனம் எங்கள் வளாகத்தில் இலவசமாகச் சார்ஜர் வைப்பதாகச் சொல்கிறது. – அசோசியேஷன் தலைவி, பள்ளிக்கரணை

நல்ல வாய்ப்பாகவும் இருக்கலாம். கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்: யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவார்கள், அதை யார் ஏற்றலாம்? ஒப்பந்தம் எத்தனை வருஷம்? அதுவரை குடியிருப்பவர்கள் சொந்தப் பாயின்ட் போடத் தடை உண்டா? கெட்டுப்போனால் எத்தனை நாளில் சரியாகும்? வெளி வண்டிகள் உள்ளே வருமா? மூன்றாவது கேள்விக்கு "தடை உண்டு" என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பொதுச் சார்ஜர் விருந்தினருக்கும் அவசரத்துக்கும் நல்லது. தினசரிக்கு அவரவர் ஸ்லாட்தான் சுகம்.

சிங்கப்பூரில் காண்டோவில் இருக்கிறேன். இங்கே நிலைமை எப்படி? – வாசகர், சிங்கப்பூர்

உங்களுக்கு வழி நன்றாகவே போட்டுவைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பர் 8 முதல் அமலில் உள்ள மின்வாகனச் சார்ஜிங் சட்டப்படி, பதிவு செய்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்தலாம். கூடவே, காண்டோவில் சார்ஜர் வைப்பதற்கான தீர்மானங்களுக்குத் தேவையான பெரும்பான்மையையும் 50 சதவீதமாகக் குறைத்தார்கள். நிர்வாகக் குழுவிடம் தனியாகப் போகாமல், கார் வாங்க நினைக்கும் பத்துப் பேரின் கையெழுத்தோடு போங்கள்.

ஜெர்மனியில் 2020 டிசம்பரிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்காரர் சார்ஜிங் வசதி கோருவது உரிமையாகிவிட்டது. நம் ஊருக்கும் அப்படித் தெளிவான ஒரு சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொட்டை மாடியில் சோலார் போட்டுக் கார்களுக்குக் கொடுக்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

அருமையான யோசனை. குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்கு, கார் சார்ஜிங் உட்பட, 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. 10 கிலோவாட் போட்டால் உங்கள் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு 40 யூனிட் போல் வரும். கார்களின் ஓட்டத்தில் அது 240 கி.மீ. சூரியன் வரும் நேரத்தில் கார்கள் ஆபீஸில் இருக்கும் என்பது ஒன்றுதான் சிக்கல். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் பகலில் போட்டுக்கொள்ளட்டும். மிச்சம் லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் போகட்டும்.

எனக்கு 74 வயது. காரே இல்லை, இனி வாங்கப் போவதும் இல்லை. அடுத்த வாரப் பொதுக்குழுவில் சார்ஜிங் தீர்மானம் வருகிறது. எப்படி ஓட்டுப் போடுவது? – வாசகர், ஸ்ரீரங்கம்

தீர்மானத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள் ஐயா. கேபிள் ட்ரே, தனி டி.பி., எர்த், தீப்பாதுகாப்பு என்ற பொது வேலை ஒன்று. அவரவர் ஸ்லாட்டின் பாயின்ட், மீட்டர், மின்கட்டணம் மற்றொன்று. முதலாவதற்குக் கை தூக்குங்கள். இரண்டாவதில் ஒரு பைசாவும் உங்கள் தலையில் விழாதபடி எழுதி வாங்குங்கள்.

முதலாவதில் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். உங்கள் வீட்டை நாளைக்கு வாங்க வருகிறவரும், வாடகைக்கு வருகிறவரும் கேட்கப்போகும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அதைவிட, இன்றைக்கு ஒழுங்காகச் செய்யாவிட்டால் நாளைக்கு ஆளாளுக்குத் திருட்டுத்தனமாக ஒயர் இழுப்பார்கள். அந்த ஒயர் நீங்கள் தூங்கும் அறைக்குக் கீழேதான் ஓடும். கார் இல்லாதவரின் ஓட்டுத்தான் இந்தத் தீர்மானத்தில் மிகவும் பயனுள்ள ஓட்டு. கட்டாயம் கூட்டத்துக்குப் போங்கள்.